மீன் தொட்டியில் கீரைத் தோட்டம்: சேமநிதிப் பணத்தைப் போடுமுன் ஒரு கணக்கு



கேரித்தீவிலிருந்து ஓர் அண்ணன் சங்கப் பணிமனைக்கு வந்திருந்தார். செம்பனைக் குலை வெட்டியே உள்ளங்கை காய்த்துப் போனவர். 60 வயது முடிந்து வேலை நின்றாகிவிட்டது. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் சேமநிதிப் பணம் கொஞ்சம் இருக்கிறது. வந்தவர் மடித்து வைத்திருந்த ஒரு வண்ணத்தாளை மேசையில் விரித்தார். மேலே பச்சைப் பசேலென்று கீரை, கீழே சிவப்பு மீன்.

“தம்பி, நீங்க நாலு எடம் போறவரு. இது நடக்குமா நடக்காதா, அதெ மட்டும் சொல்லுங்க. மீன் தண்ணியிலயே கீரை வளருமாம். ஒரமே வேணாமாம். 18,000 வெள்ளி கட்டுனா நாலு தொட்டியும் அவனே வந்து வச்சிக் குடுத்துருவானாம்.”

“நடக்கும் அண்ணே. அதில் பொய் இல்லை. ஆனால் 18,000 வெள்ளிக்கு நடக்காது” என்றேன்.

அவருக்குச் சொன்ன விவரத்தை இங்கே எழுதுகிறேன். காரணம், அந்த வண்ணத்தாள் அவர் ஒருவர் கைக்கு மட்டும் வந்திருக்காது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் பார்த்தால் 18,000 வெள்ளி என்பது பத்து மாதச் சம்பளத்துக்கும் மேல். ஒரு வெள்ளிகூடச் சாப்பிடாமல், கடன் கட்டாமல், பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்காமல் பத்து மாதம். அதை ஒரே கையெழுத்தில் கொடுக்குமுன் விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

விஷயம் இதுதான்

இதற்கு அக்குவாபோனிக்ஸ் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மீன் சாப்பிடுகிறது, கழிவு விடுகிறது. அந்தக் கழிவிலும் மீனின் செவுள் வழியாகவும் அம்மோனியா என்னும் நஞ்சு தண்ணீரில் சேருகிறது. ஆட்டுக் கொட்டகையில் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அதேதான். சும்மா விட்டால் அந்த நஞ்சிலேயே மீன் செத்து மிதக்கும்.

ஆனால் தண்ணீரைக் கல் நிரப்பிய ஒரு படுகை வழியாக ஓடவிட்டால், கல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியேறும். அவற்றில் இரண்டு கூட்டம். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இரண்டாம் கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. தோட்டத்தில் நாம் மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போட்ட உரத்தில் இருப்பதும் இந்த நைட்ரஜன் சத்துதான். செடி அதை உறிஞ்சிக்கொள்கிறது, தெளிந்த தண்ணீர் திரும்ப மீனிடம் போகிறது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்.

ஆகவே தொட்டி வைப்பவர் வளர்ப்பது மீன், செடி, கிருமி என்று மூன்று உயிர்கள். விற்க வருகிறவன் முதல் இரண்டைப் படம் போட்டுக் காட்டுவான். மூன்றாவதைப் பற்றி வாய் திறக்க மாட்டான். தொட்டி வைத்தவர்கள் முதல் மாதத்திலேயே கைகழுவிவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதினால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கரும்புத் தோட்டத் தீவிலிருந்து வந்த முறை

இந்த முறையை ஒழுங்குபடுத்தி, இத்தனை மீனுக்கு இத்தனை செடி என்று அளவு கட்டிக் கொடுத்தது ஒரு பெரிய பணக்கார நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். கரீபியன் கடலில் செயிண்ட் குரோய் என்று ஒரு சின்னத் தீவு. அதன் கதையைக் கேட்டால் நம் தோட்டத்துக் கதை போலவே இருக்கும்.

1733-இல் டென்மார்க்குக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அந்தத் தீவை வாங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு போட்டார்கள். 1848 ஜூலை 3-இல் அடிமைகள் திரண்டு எழுந்து விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றும் என்ன? மறு வருஷமே ஒரு சட்டம் வந்தது. தொழிலாளி வருஷ ஒப்பந்தத்தில் கட்டுப்பட்டிருக்க வேண்டும், தோட்டம் மாறுவதென்றால் ஆண்டுக்கு ஒரே நாள், அக்டோபர் 1. முப்பது வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். 1878-இல் அதே அக்டோபர் 1-ஆம் நாள் கரும்புக் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். முன்னின்று நடத்தியவர்களில் பெண்கள் உண்டு. மேரி தாமஸ் என்ற பெண்ணை ‘மேரி ராணி’ என்றே அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நம் நாட்டவரும் அங்கே போயிருக்கிறார்கள். 1863-இல் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பலில் 300 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய மாதிரிதான். ஒப்பந்தம் முடிந்ததும் 1868-இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அந்த ஒரு கப்பலோடு அது நின்றுபோனது. தமிழ்ச் சரித்திரப் புத்தகங்களில் அவர்களைப் பற்றி நாலு வரி நான் பார்த்ததில்லை. அது இருக்கட்டும்.

1917-இல் அமெரிக்கா அந்தத் தீவுகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. 1960-களில் கரும்பும் முடிந்துபோனது. மிச்சமிருந்தது வறண்ட மண்ணும் தண்ணீர்ப் பஞ்சமும். ஆறு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 40 அங்குல மழைதான். கூரையில் விழும் மழையைப் பிடித்துத் தொட்டியில் சேர்த்து வைக்க வேண்டும் என்று வீடு கட்டுவதற்கே அங்கு சட்டம் உண்டு.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1980-இல் ஜேம்ஸ் ரக்கோசி என்ற ஆராய்ச்சியாளர் வந்து சேர்ந்தார். கொஞ்சம் தண்ணீரில் மீனும் வேண்டும், காய்கறியும் வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அளந்து அளந்து பார்த்தார். முடிவில் அமைத்த பண்ணை எட்டில் ஒரு பங்கு ஏக்கரில் அடங்கியது. 7,800 லிட்டர் கொள்ளும் மீன் தொட்டிகள் நாலு. செடிக்கு 214 சதுர மீட்டர் பரப்பு. திலாப்பியா மீன் 24 வாரத்தில் வளரும். நாலு தொட்டியிலும் முன்பின்னாகக் குஞ்சு விட்டிருப்பதால் ஆறு வாரத்துக்கு ஒரு தொட்டி அறுவடை. ஆண்டுக்கு நாலு டன்னுக்கு மேல் மீன். ஆவியாகிப் போவதற்கும் கசடோடு வெளியேறுவதற்கும் ஈடாக நாள்தோறும் சேர்த்த தண்ணீர், மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான்.

அவர் கண்டு சொன்னதில் முக்கியமானது ஒன்று. மீனை எண்ணிக் கணக்குப் போடாதே, போடுகிற தீனியைக் கணக்குப் போடு என்றார். செடி இருக்கிற ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு நாளைக்கு 60 முதல் 100 கிராம் தீனி. அதற்கு மேல் போனால் தண்ணீர் கெடும், குறைந்தால் செடி வெளுக்கும். வீட்டளவில் கல் படுகை வைப்பவர்களுக்கு ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2014-இல் போட்ட கையேடு கீரை வகைக்கு 40 முதல் 50 கிராம் என்கிறது. குடும்பத்துக்கு இந்த அளவே சரி.

தீவில் தண்ணீர்

கேரித்தீவு அண்ணனுக்கு நான் முதலில் கேட்ட கேள்வி, “தண்ணிக்கு என்ன செய்வீங்க?” என்பதுதான். ஒரு பக்கம் லங்காட் ஆறு, ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. கடல் ஏறாமல் அணை கட்டிக் காப்பாற்றிய மண் அது. பல இடத்தில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். திலாப்பியா கொஞ்சம் உப்பைத் தாங்கும், கங்கோங் கீரை தாங்காது. கிணற்றுத் தண்ணீரை நம்பி இறங்கினால் மீன் பிழைக்கும், கீரை கருகும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அது அந்த நல்ல கிருமியையும் கொல்லும், மீனையும் கொல்லும். ஒரு பீப்பாயில் பிடித்து, காற்றுப் பம்பு போட்டு, ஒன்றிரண்டு நாள் வைத்திருந்துதான் சேர்க்க வேண்டும். நல்லது மழைத் தண்ணீர். செயிண்ட் குரோய்க்காரனை விட நமக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை பெய்கிறது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

ஆனால் மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. கிருமி வேலை செய்யச் செய்யத் தண்ணீர் புளித்துக்கொண்டே வரும். புளிப்பு மீறினால் கிருமி படுத்துவிடும், அம்மோனியா ஏறும். ரக்கோசியின் பண்ணையில் இதற்குச் சுண்ணாம்பு நீறும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் அந்த நீறும் ஒரே பொருள்தான். அதற்காக வெற்றிலைச் செல்லத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள், ஒரேயடியாகப் போட்டால் மீன் தாங்காது. சிலாங்கூர்க் கரையில் கெராங் சிப்பி ஓட்டுக்கா பஞ்சம்? ஓட்டை நன்றாக அலசி, ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் மெல்ல மெல்லக் கரைந்து ஈடுகட்டும்.

இன்னொன்று கொசு. மழைப் பீப்பாயை மூடாமல் வைத்தால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார இலாகாக்காரன் வந்து அபராதம் எழுதிவிடுவான். மீன் இருக்கும் தொட்டியில் புழு தங்காது, மீனே தின்றுவிடும். மற்றப் பீப்பாய்க்கு மெல்லிய வலை கட்டுங்கள்.

காசுக் கணக்கு

இனி அந்த வண்ணத்தாள் விஷயத்துக்கு வருவோம். ‘மாதம் 3,000 வெள்ளி வருமானம்’ என்று அதில் போட்டிருந்தது. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, மூன்று சதுர மீட்டர் கல் படுகை. இதுதான் அந்தக் கையேடு சொல்கிற குடும்ப அளவு. ஒரு நாளைக்கு 150 கிராம் தீனி. 365 நாளைக்கு ஏறக்குறைய 55 கிலோ. ஒன்றே முக்கால் கிலோ தீனிக்கு ஒரு கிலோ மீன் என்று வைத்தால் ஆண்டுக்கு 31 கிலோ மீன். கிலோ 12 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம், 372 வெள்ளி. தீனி கிலோ 5 வெள்ளி என்று வைத்தால் 275 வெள்ளி போய்விட்டது. தண்ணீர்ப் பம்பும் காற்றுப் பம்பும் சேர்ந்து 60 வாட், இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடினால் ஆண்டுக்கு 525 யூனிட். யூனிட் 40 காசு என்று போட்டாலும் 210 வெள்ளி. ஆக மீனில் மட்டும் 113 வெள்ளி நஷ்டம்! குஞ்சு வாங்கிய காசை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

மீன் நமக்கு லாபம் தருவதில்லை, உரம் தருகிறது. காசு கீரையில்தான். செயிண்ட் குரோயிலும் அவர்களுக்குக் கைகொடுத்தது துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு வாசனைக் கீரைதான். சதுர மீட்டருக்கு 20 செடி வைத்தால் மூன்று சதுர மீட்டரில் மாதம் 60 செடி எடுக்கலாம். செடிக்கு ஒரு வெள்ளி என்று போடுங்கள், ஆண்டுக்கு 720. மீன் நஷ்டத்தைக் கழித்தால் 607 வெள்ளி. மாதத்துக்கு 50 வெள்ளி. அதோடு வீட்டுக்கு மருந்து படாத கீரையும், கிழமைக்கு ஒரு நாள் மீன் குழம்பும். குடும்பத்துக்கு இது நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 3,000 வெள்ளி எங்கே இருக்கிறது?

18,000 வெள்ளிக்கு நாலு தொட்டி. இதையே நாலால் பெருக்கினால் ஆண்டுக்கு 2,428 வெள்ளி. ஒரு மீன்கூடச் சாகாமல், ஒரு பம்புகூடப் பழுதாகாமல், நம் உடல் உழைப்புக்கு ஒரு காசுகூடக் கூலி போடாமல், போட்ட பணம் திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல். 60 வயது ஆளுக்கு 67 வயதில் முதல் திரும்பும். கிலோ விலையை உங்கள் சந்தை விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூடலாம், குறையலாம். 3,000-ஐ எட்டாது.

இது என் சந்தேகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹோப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் பல நாடுகளில் இந்தத் தொழிலை வியாபாரமாகச் செய்யும் 257 பேரை விசாரித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முந்திய பன்னிரண்டு மாதத்தில் லாபம் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் ஒரு வேடிக்கை. மீனும் கீரையும் விற்றவர்களை விடப் பயிற்சி வகுப்பும் சாமானும் சேர்த்து விற்றவர்கள்தான் லாபம் பார்க்க வாய்ப்பு அதிகமாம்! தொட்டி விற்கிறவன் ஏன் தானே தொட்டி வைத்துச் சம்பாதிக்காமல் நம் லயத்துக்கு வந்து தாள் கொடுக்கிறான் என்று இப்போது விளங்குகிறதா?

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் சம்பந்தன் அவர்கள் தொடங்கியபோது நம் மக்களிடம் மாதம் பத்து வெள்ளிதான் கேட்டார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம்மை நடுத்தெருவில் விட்ட காலம் அது. அப்படியும் பத்துப் பத்தாகத்தான் சேர்த்தார்கள். மாதாமாதம் சேர்ந்த அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். ஒரே கையெழுத்தில் மொத்தப் பணத்தையும் கேட்கிறவனைக் கண்டால் நீங்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

மருந்து நாற்றம் இல்லாத வேலை

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இதை நல்ல காரியம் என்கிறேன்? காரணம் அந்த அண்ணன் அல்ல, அவருடைய சம்சாரம். அந்த அக்கா இருபது வருஷம் தோளில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர். நகம் கறுத்து உதிர்ந்ததும், மூக்கில் ரத்தம் வந்ததும் தோட்டத்தில் மருந்தடித்த பெண்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. பாராகுவாட் மருந்தை 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் திரும்ப அனுமதித்தார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக ஒழித்தார்கள். அந்த இடைப்பட்ட வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்தத் தொட்டியில் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்க முடியாது. கீரையில் அடித்தால் அது தண்ணீரில் இறங்கி மீனைக் கொல்லும். சவர்க்காரத் தண்ணீர்கூடக் கூடாது. புழுவைக் கையால் பொறுக்க வேண்டும், பேனைத் தண்ணீர் பீய்ச்சி விரட்ட வேண்டும். மீறினால் பி.டி. என்னும் நுண்ணுயிர் மருந்து புழுவை மட்டும் கொல்லும், மீனை ஒன்றும் செய்யாது. மருந்தடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒரு பெண்மணி, மருந்தே தொடாத ஒரு வேலையைத் தன் வீட்டு நிழலில் செய்ய முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் சும்மா கிடக்கிறது என்று மருந்து டின்னையோ மருந்துப் பீப்பாயையோ கொண்டுவந்து இதற்கு வைக்காதீர்கள். பத்துத் தடவை கழுவினாலும் வேண்டாம். உணவுப் பொருள் வந்த பீப்பாய்தானா என்று கேட்டு வாங்குங்கள். நாகத் தகரத் தொட்டியும் செம்புக் குழாயும் ஆகாது, அந்த உலோகங்கள் மீனுக்கு ஆகாதவை.

என்ன மீன்?

திலாப்பியா சந்தையில் விலை போகும், சீக்கிரம் வளரும். ஆனால் ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் தொட்டி நிறையக் குஞ்சு பொரித்து ஒன்றும் பெருக்காது. ஆண் குஞ்சாகக் கேட்டு வாங்க வேண்டும். அது மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்த காற்றில். தொட்டி நெருக்கமாக இருந்து, ராத்திரியில் கரண்ட் போய்ப் பம்பு நின்றால், விடியும்போது மொத்தமும் மிதக்கும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகிற வட்டாரமானால் ‘கேலி’ என்கிற கெளுத்தியே மேல். அது மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பெரியது சின்னதைத் தின்னும், ஆகவே ஒரே அளவுக் குஞ்சாகப் பொறுக்கி விட வேண்டும். திலாப்பியாதான் வேண்டும் என்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம். எந்த மீனானாலும் மிச்சமானதை ஆற்றிலும் கால்வாயிலும் கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஆற்று மீனை அது ஒழித்துவிடும்.

விற்குமுன் நாலு நாள் தீனி போடாமல் வேறு நல்ல தண்ணீரில் விட்டு வையுங்கள், சேற்று வாடை போய்விடும். கீரையில் கங்கோங், முளைக்கீரை, புதினா எளிதாக வரும். புதினா நம் கடைகளில் தீபாவளி நேரத்தில் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். தக்காளி, மிளகாய் எல்லாம் இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அவற்றுக்குச் சத்து அதிகம் வேண்டும். இளந்தழை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீனியில் அது போதுமான அளவு கிடையாது. செடிக்கடையில் கரையும் இரும்பு என்று கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். ‘உரமே வேண்டாம்’ என்று அந்தத் தாள் சொன்னது முழு உண்மையல்ல.

எங்கே வைப்பது?

இதுதான் நம் மக்களுக்கு எப்போதும் உள்ள சிக்கல். லயத்து வீட்டுப் பின்புறத்தில் வைப்பதானால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். “தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்று வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். துரை மாறினால் பேச்சும் மாறும். மாட்டுக் கொட்டகை போட்டு, பிறகு பிரிக்கச் சொன்ன நாளில் மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். தொட்டியில் ஒரு நன்மை, வீடு மாறும்போது கழற்றி லாரியில் ஏற்றலாம். மண்ணில் போட்ட தோட்டத்தை ஏற்ற முடியாது.

அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. கல் படுகை ஒரு அடி ஆழத்துக்கு நிரப்பினால் அது தனியாக ஒன்றரை டன். நடைபாதையில் வைக்கிற சாமான் அல்ல. தரையிலேயே உளுத்த பலகையில் வைக்காதீர்கள், கெட்டியான தளமும் செங்கல் காலும் வேண்டும். பழைய பிளாஸ்டிக் தொட்டி, பம்பு, கல், பைப்பு எல்லாம் சேர்ந்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போனால் எங்கேயோ விலை கூடுகிறது என்று அர்த்தம்.

வேலை யார் செய்வது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். காலையும் மாலையும் தீனி, பம்பு ஓடுகிறதா என்று பார்வை, வாரத்துக்கு ஒரு முறை கசடு அள்ளல். ஒரு நாள் வேலைதான் என்று ஆண்கள் தொட்டியைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு தினமும் பார்ப்பது வீட்டுப் பெண்கள். தைப்பூசத்துக்கு எல்லாரும் பத்துமலைக்குப் போனாலும் மீனுக்கு லீவு கிடையாது. விற்ற காசு யார் கைக்கு வரும் என்பதையும் அப்போதே பேசிக்கொண்டால் நல்லது.

தொடங்குவது எப்படி?

முதல் நாளே மீனை விடக் கூடாது. முன்னே சொன்ன அந்த மூன்றாவது உயிர் குடியேற மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் சற்று முன்னதாகவே முடியலாம், ஆனால் அவசரப்படுத்த முடியாது. தண்ணீர் நிரப்பிப் பம்பை ஓடவிடுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தண்ணீரில் போட்டு அழுக விடுங்கள். அதிலிருந்து அம்மோனியா உண்டாகும், அதைத் தேடிக் கிருமி வரும். ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மீன் தொட்டியிலிருந்து ஒரு வாளி கல் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். படுகையில் கங்கோங் தண்டு நாலைந்து ஊன்றி வைக்கலாம், அது பாட்டுக்கு வேர் பிடிக்கட்டும்.

வண்ண மீன் விற்கும் கடையில் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், புளிப்பு பார்க்கும் சோதனை மருந்துப் பெட்டி கிடைக்கும். இந்த ஒரு சாமானில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுங்கள், நிறம் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் மட்டும் காட்டுகிற நாள்தான் குஞ்சு வாங்கும் நாள்.

அன்றைக்கும் பத்துக் குஞ்சு போதும். குஞ்சு வந்த பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டு, பிறகு திறந்து விடுங்கள். ஐந்து நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள், மிச்சம் மிதந்தால் அள்ளி எடுத்துவிடுங்கள். முதல் மாதம் சோதனைப் பெட்டியில் அம்மோனியா ஏறாமல் இருந்தால் இன்னும் பத்துக் குஞ்சு வாங்கலாம். தீனியை மூட்டையாக வாங்க வேண்டாம், இரண்டு கிலோ வாங்கி மூடி போட்ட டின்னில் வையுங்கள். இந்த ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்த தீனியைத் தின்றால் மீனுக்கு ஆகாது.